முப்பத்தோராவது ஸ்டிக்கர்

முப்பதுதான் இருக்கிறது. முப்பத்தொன்று இருக்க வேண்டும். பீரோக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டி வைத்திருந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களைக் கோகிலவாணி மூன்றாம் தடவையாக விரல் வைத்து எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினால் என்ன, இல்லாதது முளைத்தா வந்துவிடும். அட்டைக்கு நாற்பது ஸ்டிக்கர், மிச்சம் ஒன்பது இருக்கிறது, அப்படியானால் வீட்டுக்குள் ஒட்டியது முப்பத்தொன்று, உரித்தது முப்பது, மீதி ஒன்று எங்கேயோ ஒளிந்துகொண்டு இங்கே பார், இங்கே ஒரு குறை இருக்கிறது பார் என்று காட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் இன்றைக்குப் பார்த்து. மணி பத்தே கால். பிரகதி பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஆயிற்று. காலேஜ் தோழிகள் இரண்டு பேர், அஃப்ரினும் தர்ஷனாவும், ஸ்கூட்டியில் வருகிறார்கள், வழி காட்டிக் கூட்டி வருகிறேன் என்று போயிருக்கிறாள். பதினெட்டு வருஷத்தில் மகள் ஒரு தோழியை வீட்டுக்குள் கூட்டி வருவது இதுதான் முதல் தடவை. கூட்டி வந்தால் முதல் தடவை. வழி காட்டணுமாம் வழி, அந்த தர்ஷனாவுக்கு இந்தத் தெரு தெரியாதா என்ன, நன்றாகத் தெரியும், ஆனால் அவளுக்குத் தெரிந்த வீடு வேறு. பஜ்ஜி மாவு கரைத்தாயிற்று, மிளகாயைக் கீறி விதை எடுத்தாயிற்று, டீக்குப் பால் அடுப்பில் சிம்மில் இருக்கிறது, எல்லாம் ஆயிற்று, இந்த ஒற்றை ஸ்டிக்கர்தான் உயிரை வாங்குகிறது.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. கரூரில் பாதிப் பேருக்குத் துணிதான் சோறு, சிலர் நெய்கிறார்கள், சிலர் தைக்கிறார்கள், கோகிலவாணி தப்புக் கண்டுபிடிக்கிறாள். வெளிநாட்டு வீடுகளுக்குப் போகிற திரைச்சீலையும் குஷன் உறையும் மேசை விரிப்பும் அவள் மேசைக்கு வரும். வெள்ளை விளக்கடியில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு, கண்ணால் ஒரு ஓட்டம், இழை அறுந்த இடம், எண்ணெய் பட்ட இடம், தையல் தாண்டிய இடம், எதுவானாலும் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். சும்மா சொல்லப்படாது, அவள் பாஸ் பண்ணின பீஸ் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. வரிசையில் பக்கத்து மேசைச் செல்வி சொல்லுவாள், “ஏனக்கா, உங்களுக்குக் கண்ணா இல்ல பூதக்கண்ணாடியா?” பெருமையாகத்தான் இருக்கும் கேட்க. ஆனால் அந்தக் கண்ணை ஆறு மணிக்கு மேசையிலேயே வைத்துவிட்டு வர முடிகிறதா, அது கூடவே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடுகிறது. கட்டினவன் சட்டைப் பட்டன் மாறியிருப்பது, மகள் ஹோம்வொர்க்கில் ஒரு எழுத்து சாய்ந்திருப்பது, பக்கத்து வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி தவறியது. “உன்ற கண்ணுக்கு முன்னால எந்த மனுசன் தேறுவான்” என்று கேட்டுவிட்டுத்தான் அந்த மனுஷன் திருப்பூருக்குப் போனான், போனவன் போனவன்தான். சரி, அவன் கதை இப்போது எதற்கு. ஸ்டிக்கர். கதவு நிலைக்குப் பின்னால் பார்த்தாயிற்று. சுவிட்சுப் பலகைக்குக் கீழே பார்த்தாயிற்று, அங்கே ஒட்டியது ஐந்தாவது ஸ்டிக்கர், காரை பெயர்ந்ததற்கு, வெள்ளைச் சிமெண்டை விரலால் தடவி அடைத்த அன்றைக்கே உரித்துவிட்டாள்.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மாதிரி வெயில் ஏறுகிற நேரம், சொந்த வீட்டை அவள் ஒரு பீஸாக விரித்துப் பார்த்தாள். வாடகை வீடு, ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். ஹாலில்தான் பீரோ, அரிசி மூட்டை, தையல் மிஷின், பிரகதியின் புத்தகம், துணிக்கொடி, ஆறு காலண்டர், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்கள். கம்பெனிப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் அட்டையை எடுத்து, குறை தெரிந்த இடத்திலெல்லாம் அம்பை ஒட்டிக்கொண்டே போனாள். முப்பத்தொன்று. ஒட்டி முடித்துப் பார்த்தால் வீட்டுக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது. பிரகதி கதவருகே நின்று பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு ஒட்டீரும்மா, விட்டுப்போச்சு” என்று சொன்னாள், சிரிக்காமல். ஏன் அப்படிச் சொன்னாள்? அது கேலியா, கோபமா? ஆறு மாசமாக அந்த வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது, இப்போது எச்சில் விழுங்கினாலும் குத்துகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒட்டவில்லை என்று யார் சொன்னது, கண்ணாலேயே எத்தனை ஒட்டியிருப்பாள், கூன் போடாதே, எண்ணெய் வழியுது, அந்தக் கலர் உனக்கு எடுக்கலை. ஆனால் கோகிலவாணி வீட்டைப் பிரித்துப்போடக் காரணம் அது இல்லையே. காரணம் மஞ்சள் கேட். தெரு முனையிலிருந்து மூன்றாவது வீடு, மாடி வீடு, வாசலில் போகன்வில்லா, கேட்டுக்கு மஞ்சள் பெயிண்ட். பிரகதி பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சாயங்காலம் கோகிலவாணி பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள், அப்போதே கூடப் படித்த தர்ஷனாவின் ஸ்கூட்டி அந்தக் கேட் முன்னால் நிற்கிறது, பின்னாலிருந்து இறங்கினது தன் மகள். இறங்கி, கேட்டுக் கொண்டியில் கை வைத்து, சொந்த வீட்டுக் கொண்டி மாதிரி, “பை டீ” என்று கை ஆட்டுகிறாள். ஸ்கூட்டி திரும்பி மறைகிற வரைக்கும் கை கொண்டியிலேயே இருந்தது. அப்புறம் கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஏழு வீடு நடந்து இங்கே வந்தாள். கோகிலவாணி மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள், தப்புப் பண்ணினவள் மாதிரி, கையில் பால் பாக்கெட் சில்லென்று. கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெட்கம்தான் வந்தது. இன்றைக்கு வரைக்கும் மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, துணியில் உள்ள தப்பைத்தான் அவளுக்குக் காட்டத் தெரியும், இதற்கு எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது.

பால் பொங்கப் பார்த்தது, ஓடிப்போய் அணைத்தாள். அணைத்துவிட்டுத் திரும்பினால் சமையல்கட்டு வாசலிலிருந்து ஹால் முழுசாகத் தெரிந்தது, ஒரு நொடி வேறு யாரோ ஒருத்தியின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டது மாதிரி இருந்தது. அடேயப்பா. இது நான் செய்ததா. முதல் தடவை செய்தது நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ரிஜெக்ட் துணியை லேபிள் வெட்டிவிட்டு ஆட்களுக்குக் கிலோ கணக்கில் கொடுப்பார்கள், இரண்டு மூட்டை அள்ளிக்கொண்டு வந்து, ஆசை தீர அத்தனையும் மாட்டினாள், சிவப்பு, பச்சை, நீலம், ஜரிகை, குஞ்சம், ஜன்னலுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, ஃபேனுக்குக்கூட ஒரு குஞ்சம். மகள் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “டூரிஸ்ட் பஸ் மாதிரி இருக்கும்மா, ஹாரன் மட்டும் வச்சுட்டா கெளம்பீரலாம்” என்றாள். சுருக்கென்றது. ஆனால் உண்மை. அப்புறம்தான் சாம்பிள் ரூம் புத்தகங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரட்ட ஆரம்பித்தாள், துணி போகிற நாட்டு வீடுகளின் படம். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது, அந்த வீடுகளில் பொருளே இல்லை. அழகென்று நாம் நினைப்பதையெல்லாம் அவர்கள் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு வந்து ஆறு காலண்டரில் ஐந்தைக் கழற்றினாள். பிளாஸ்டிக் பூவைத் தூக்கிப் போட்டாள். எவர்சில்வர் குடங்களைக் கோணிப்பைக்குள் கட்டினாள், கட்டும்போது கொஞ்சம் அழுதாள், பேர் வெட்டின குடங்கள், அழாமல் என்ன செய்வது. அடுத்தது ஆணி. “சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுப்போடாதீங்கம்மா, ஒத்த ஆணி அடிச்சாலும் காலி பண்ணச் சொல்லீருவேன்” என்று வீட்டு ஓனர் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார், ஊரில் எல்லா ஓனரும் சொல்வதுதான், சுவரை அவர்கள் பெண்டாட்டி மாதிரி பார்த்துக்கொள்வார்கள். ஆணி இல்லாமல் திரை எப்படி மாட்டுவது, ஒரு வாரம் அதே யோசனை, சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது தலைக்கு மேலே பிடித்திருந்த கம்பி கையில் உறைத்தது. செல்வியின் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருக்கிறார். நசுங்கின கைப்பிடிக் கம்பி இரண்டை அவரே அளவாக அறுத்துக் கொடுத்தார். கம்பியின் இரண்டு முனையிலும் சைக்கிள் டியூபைச் சுற்றி, சுவருக்கும் சுவருக்கும் நடுவே இறுக்கி முட்டக் கொடுத்தாள், ஒன்று ஜன்னல் பள்ளத்துக்குள், ஒன்று ஹாலுக்குக் குறுக்கே. ஆணியே இல்லை. தொங்கிப் பார்த்தாள், ஆமாம், கோகிலவாணி அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கியே பார்த்தாள், அசையவில்லை. டூரிஸ்ட் பஸ் என்றாயே கண்ணு, பஸ் கம்பியில்தான் நிற்கிறது உன் வீடு.

குறுக்குக் கம்பியில் தொங்குகிற திரைக்குப் பின்னால் பீரோவும் மூட்டையும் மிஷினும் போய்விட்டன, முன்னால் ஹால் பிறந்தது. லோடு ஏற்றுகிற இடத்தில் கிடந்த உடைந்த மரச்சட்டங்களை அடுக்கி, பஸ் சீட்டு வெட்டின பஞ்சைப் போட்டு, உட்கார ஒரு இடம். குஷன் உறையில் கோடு அரை இஞ்ச் சாய்ந்து போனதால்தான் ரிஜெக்ட். அதை நேராக வைத்தால் கண்ணை உறுத்தும், மூலைக்கு மூலை திருப்பி வைத்தாள், இன்னும் சாய்த்துவிட்டால் வேண்டுமென்றே செய்த டிசைன். மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி விளக்கு. அந்த விளக்கில்தான் அவளுக்கே அவள் மேல் மரியாதை வந்தது. கம்பெனியில் ஒரு பெட்டி உண்டு, ஒரே துணியை அதற்குள் வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், ஒரு வெளிச்சத்தில் பொன்னாகத் தெரிவது இன்னொன்றில் காமாலை பிடித்தது மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷம் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் டியூப்லைட்டைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாளே, டியூப்லைட்டைக் கழற்றி மஞ்சள் பல்பு போட்டதும் அதே வீட்டுச் சுவர், அதே பழைய பச்சை, வெயில் பட்ட வாழையிலை மாதிரி ஆயிற்று. ஒரே ஒரு பல்பு. ஜன்னல் திரைதான் கடைசி வரை வழிக்கு வரவில்லை. கடுகு மஞ்சளில் பெரிய பெரிய பூ, கண்ணில் குத்துகிற பூ, மறுபடி பஸ். வேறு துணி வாங்க வழியில்லை. ஒரு நாள் துவைத்துக் காயப்போட்டபோது காற்றில் புரண்டு அதன் பின்பக்கம் தெரிந்தது: பூவெல்லாம் மங்கி, நிழல் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று. அம்மாடி. முகத்தை வெளியே திருப்பி முதுகை உள்ளே வைத்து மாட்டிவிட்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது அது, அவளே கண்டுபிடித்தது. மாட்டின அன்றைக்குப் பிரகதி திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்து படித்தாள், நாலு நாளாய் அங்கேயே உட்கார்ந்து படித்தாள். வியாழக்கிழமை தலையைத் தூக்காமலே கேட்டாள், “ஞாயித்துக்கெழம அஃப்ரினையும் தர்ஷனாவையும் கூட்டிட்டு வரட்டுமாம்மா?” கோகிலவாணி, “ம், வரட்டும், அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஆனால் வருவார்களா? பத்து முப்பத்தைந்து. மறுபடி தேடினாள், குஷனுக்கு அடியில், கூடை விளக்கின் விளிம்பில், காலண்டர் மாட்டின இடத்தில், திரையின் மடிப்பு ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவித் தடவி, மேசையில் தடவுகிற அதே தடவல், எங்கேயும் இல்லை. போன் அடித்தது, உயிரே போயிற்று, “லேட்டாயிருச்சும்மா, நாங்க ஓட்டலுக்குப் போறோம்” என்று சொல்லப் போகிறாள், சொல்லட்டும், பஜ்ஜி மாவை என்ன செய்வது, பார்த்தால் கேஸ் புக்கிங் மெசேஜ். நாசமாய்ப் போக. தர்ஷனா ஓட்டுவாள், அஃப்ரின் நடுவில், பிரகதி பின்னால். தர்ஷனா பழக்கத்தில் மஞ்சள் கேட்டில்தான் நிறுத்துவாள், நிறுத்தாமல் என்ன செய்வாள், அவளுக்கு அதுதானே பிரகதி வீடு. நிறுத்தினால் என் பெண் என்ன சொல்வாள்? வீட்டில் யாரும் இல்லை, பூட்டியிருக்கிறது என்பாளா? இல்லை, நம் வீட்டைக் காட்டி, அது யாரோ சொந்தக்காரர் வீடு என்று அந்தப் பக்கம் தள்ளிவிடுவாளா? பொய் சொன்னது பொய் சொன்னதுதான், ஒரு பொய்யைத் தோழி முன்னால் பிரித்துப்போட எத்தனை பெரிய நெஞ்சு வேண்டும், பதினெட்டு வயசுக்கு அது இருக்குமா, எனக்கே இல்லையே, நான் மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தவள். வராவிட்டால்தான் என்ன, வீடு நன்றாக இருக்கிறது, நமக்குத்தானே வீடு. இல்லை. பொய். அவள் வர வேண்டும். வராவிட்டால் இந்தக் கம்பியும் திரையும் கூடையும் எல்லாம் ரிஜெக்ட், மொத்த லாட்டும் ரிஜெக்ட். அப்போதுதான் ஸ்கூட்டிச் சத்தம் தெரு முனையில் திரும்பியது. கோகிலவாணி அசையாமல் நின்றாள். சத்தம் வந்தது. வந்து, மூன்றாவது வீட்டுக்கிட்டே, நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, மஞ்சள் கேட் கொண்டி ஆடுகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

“எறங்குடி, வந்தாச்சு” என்று ஒரு குரல், தர்ஷனாவாக இருக்க வேண்டும். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது எவ்வளவு நேரம் இருந்தது என்று கோகிலவாணியைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்பாள். அப்புறம் தன் மகளின் குரல், கொஞ்சம் நடுங்கி, கொஞ்சம் சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி: “இது எங்க வீடு இல்ல தர்ஷு. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அதோ ஜன்னல்ல பூப்போட்ட திரை தெரியுதுல்ல, சிவப்பா ஒரு அம்பு ஒட்டியிருக்கும் பாரு, அதான் எங்க வீடு.” யாரோ, “ஏ லூசு, இதுக்காடி மூணு வருஷம்” என்றார்கள். சிரிப்பு. ஸ்கூட்டி மறுபடி உறுமியது. கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலில் அம்பு. திரையின் முகம் வெளியே அல்லவா இருக்கிறது, மாட்டின அன்றைக்கு ஜன்னலில் உரித்த அம்பை நினைவில்லாமல் அதில்தான் ஒட்டியிருக்கிறாள், எந்தத் துணியானாலும் முகத்தில்தானே ஒட்டுவாள், பத்தொன்பது வருஷக் கை, உள்ளே தெரிகிற முதுகைத் தடவித் தடவித் தேடினால் எங்கே கிடைக்கும். ஒரு வாரமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது அது. மகள் தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்தும் உரிக்கவில்லை.

வந்துவிட்டார்கள். செருப்புக் கழற்றுகிற சத்தம், கைப்பை உரசுகிற சத்தம், உள்ளே வந்ததும் தோழிகள் இரண்டு பேரும் கண்ணை விரித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், அந்த ஒரு பார்வை போதும் கோகிலவாணிக்கு, ஆயுசுக்கும் போதும். “ஆண்ட்டி, இது நெசமாவே வீடா? படம் எடுக்கற எடம் மாதிரி இருக்கு!” என்றாள் அஃப்ரின். தர்ஷனா குறுக்குக் கம்பியை அண்ணாந்து பார்த்து, “இது எதுல ஆண்ட்டி நிக்குது, ஆணியே இல்ல?” என்றாள். “யாரு பண்ணுனது, எங்க வாங்குனது?” என்று கேட்டதற்குக் கோகிலவாணி வாய் திறப்பதற்குள் பிரகதி சொன்னாள், “எங்கயும் வாங்கல. எல்லாம் ரிஜெக்ட் ஆனது. எங்கம்மா பண்ணுனது.” ரிஜெக்ட் என்ற வார்த்தையைத் தங்க மெடல் மாதிரி சொன்னாள். அஃப்ரின் அதற்குள் ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கி மறுபக்கத்தைத் திருப்பினாள், “இந்த அம்பு எதுக்கு ஆண்ட்டி?” வெயிலில் துணி விரிந்தது. அம்பின் நுனியில், ஒரு இழை விட்டுப்போன கோடு, மயிர் இழை மாதிரி, கம்பெனியில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியிருப்பாள். பத்தொன்பது வருஷத்துப் பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மகளைப் பார்த்தாள். மகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கூன் போட்டு, எண்ணெய் வழிகிற நெற்றியோடு, அந்த எடுக்காத கலரில், எவ்வளவு அழகாக இருக்கிறாள் இந்தப் பெண்.

“அதுவா,” என்றாள் கோகிலவாணி, “நம்ம வீடு இதுதான்னு தெரியட்டும்னு ஒட்டுனது கண்ணு.” பிரகதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கோகிலவாணி சோதித்துப் பார்க்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள், தீயைப் பெரிதாக வைத்ததில் எண்ணெய் காய்ந்து புகைந்துவிட்டது, முதல் பஜ்ஜி போட்ட வேகத்தில் ஒரு பக்கம் கருத்துப்போயிற்று. அதையும் எடுத்துத் தட்டில் வைத்தாள்.